தாயம்மாள் மெழுகுவர்த்தியா, தராசா? – கதைமாந்தரை உருவகத்தால் அறிதல்



முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். தவறு என்னுடையதுதான்.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' சிறுகதையை வகுப்பில் நடத்தி முடித்து ஒரு சோதனை வைத்தேன். கேள்வி வழக்கமானதுதான்: 'தாயம்மாளின் பண்புநலன்களைச் சான்றுகளுடன் விளக்குக.' விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், ஒன்றுக்கு இரண்டு தாளில் ஒரே வாக்கியம். 'தாயம்மாள் ஒரு மெழுகுவர்த்தி. தன்னை உருக்கிக்கொண்டு பிறருக்கு ஒளி தருகிறாள்.' பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தைக் குறிப்பில் எழுதிக் கொடுத்ததே நான்தான். எத்தனை மெழுகுவர்த்திக்குச் சரி போட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

நடுவில் ஒரு தாளில் மட்டும் வேறு மாதிரி இருந்தது: 'தாயம்மாள் ஒரு தராசு.' அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு 'பொருந்தவில்லை' என்று எழுதிப் புள்ளியையும் குறைத்தேன். அன்பான தாயைப் போய்க் கடைத்தராசு என்பதா என்பதுதான் என் எண்ணம். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மாணவி சண்டை போடவில்லை. வகுப்பு முடிந்ததும் மேசைக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "டீச்சர், துண்டைக் கொடுக்குறதுக்கு முன்னாடி அவங்க யோசிச்சாங்கதானே?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய்க் கதையை மறுபடியும் படித்தேன். அந்த வாசிப்பில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உருவகம்: அணி மட்டும்தானா?

நாம் எல்லாரும் இலக்கணத்தில் படித்தது இது. 'மதிமுகம்' என்றால் மதி போன்ற முகம், அது உவமை. 'முகமதி' என்றால் முகமாகிய மதி, அது உருவகம். உவமையில் 'போல' என்று ஓர் இடைவெளி இருக்கும். உருவகத்தில் அந்த இடைவெளி கிடையாது. இதுதான் அது என்று அடித்துச் சொல்கிறோம்.

பெரும்பாலும் இதைச் செய்யுள் பாடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அணியின் பெயரைக் கண்டுபிடி, புள்ளியை வாங்கு, அடுத்த கேள்விக்குப் போ. ஆனால் ஒரு கதைமாந்தரைப் பார்த்து 'இவர்தான் அது' என்று சொல்வது சாதாரண வேலையில்லை. அப்படிச் சொல்கிறவர் ஒரு தீர்ப்புச் சொல்கிறார். தீர்ப்பு என்றால் சாட்சி வேண்டும். 'தாயம்மாள் அன்பானவள்' என்று எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை. அதனாலேயே அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 'தாயம்மாள் ஒரு தராசு' என்று எழுதினால் உடனே 'எப்படி?' என்ற கேள்வி எழும். அந்த 'எப்படி'க்குப் பதில் தேடும்போதுதான் மாணவர் கதைக்குள் திரும்பிப் போகிறார்.

சிறுகதையில் உருவகத்தை மூன்று இடங்களில் தேடலாம். ஒன்று, ஆசிரியரே கதையில் வைத்திருப்பது. இரண்டு, கதைமாந்தர் தம் வாயால் சொல்வது. மூன்று, வாசிக்கிற நாம் உருவாக்கிக்கொள்வது. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் விடையும் குழம்பிவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆசிரியர் வைத்த உருவகம்: யார் அந்த ராஜா?

கு. அழகிரிசாமி நமக்கு அந்நியர் அல்லர். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் 1923-இல் பிறந்தவர்; 1950-களில் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். இந்தக் கதையோ அவருடைய கரிசல் மண்ணைச் சேர்ந்தது.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். செல்லையா, தம்பையா, மங்கம்மாள் மூவரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். ராமசாமி பணக்கார வீட்டுப் பையன். 'எங்கள் வீட்டில் இது இருக்கிறது, உங்கள் வீட்டில் இருக்கிறதா?' என்று பிள்ளைகளுக்குள் போட்டி நடக்கிறது. தீபாவளிக்கு முந்தின இரவு, பெற்றோர் இல்லாத ஒரு சிறுவன் எச்சில் இலையைத் தேடி இவர்கள் வீட்டுப் பக்கம் வந்து நிற்கிறான். உடம்பெல்லாம் சிரங்கு. தாயம்மாள் அவனை விரட்டவில்லை. பெயர் கேட்கிறாள். 'ராஜா' என்கிறான். பண்டிகைக் காலையில் தன் பிள்ளைகளோடு அவனுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். பிள்ளைகளுக்குப் புதுத்துணி இருக்கிறது. அவனுக்கு இல்லை. கடைசியில், பிள்ளைகளின் அப்பாவுக்கென்று வைத்திருந்த புதுத்துண்டை அவனுக்குக் கொடுக்கிறாள். அதே நேரத்தில் ராமசாமி வீட்டுக்கு அவன் அக்காளின் கணவர் வந்திருக்கிறார். அவரையும் 'ராஜா' என்றுதான் சொல்கிறார்கள். ராமசாமி அந்தப் பெருமையைச் சொல்ல, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக மங்கம்மாள் பதிலுக்குச் சொல்கிறாள்.

இப்போது கேளுங்கள்: இந்தக் கதையில் உருவகம் எங்கே இருக்கிறது?

'மங்கம்மாள் அனாதைச் சிறுவனை ராஜாவாக உருவகப்படுத்துகிறாள்' என்று பலர் எழுதுகிறார்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்தச் சிறுவனின் பெயரே ராஜாதான். சிறு பிள்ளை தனக்குத் தெரிந்த உண்மையை அப்படியே சொல்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது அணியும் இல்லை, அலங்காரமும் இல்லை. பெயர்ச்சொல்லாக அவள் சொன்னது நம் காதில் உருவகமாக விழும்படி கதையைக் கட்டியிருப்பவர் ஆசிரியர். இரண்டு வீடு, இரண்டு விருந்தாளி, ஒரே பெயர். ஒருவர் பெயருக்குப் பின்னால் சொத்து இருக்கிறது. இன்னொருவனுக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவுமே இல்லை.

தலைப்பையும் கவனியுங்கள். 'வந்திருக்கிறான்' இல்லை, 'வந்திருக்கிறார்'. அந்த 'ஆர்' விகுதி யாருக்குரியது? கதையைத் தொடங்கும்போது நமக்குத் தெரியாது. ராமசாமி பேசும்போது பணக்கார மருமகனுக்கு என்று தோன்றுகிறது. கதை முடிந்து மறுபடி தலைப்பைப் பார்த்தால் சிரங்கு பிடித்த அந்தச் சிறுவனுக்கும் அதே மரியாதை போய்ச் சேர்ந்திருக்கிறது. மரியாதை விகுதி உள்ள நம் மொழியில் இப்படிச் செய்ய முடிகிறது. தேர்வில் இந்த ஒரு விகுதியை விளக்கி எழுதினாலே அது நல்ல பத்தி ஆகிவிடும்.

இந்த உருவகம் ராஜாவைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கதையின் தொடக்கத்தில் ராமசாமியின் பட்டுச் சட்டைப் பெருமைக்கு மங்கம்மாள் கொடுக்கும் பதிலை நினைத்துப் பாருங்கள். பட்டு சீக்கிரம் கிழிந்துவிடும் என்கிறாள். இல்லாததை இல்லாமை என்று அவள் ஒப்புக்கொள்வதே இல்லை. கடைசியில் வீட்டுக்கு வந்த அனாதையையும் அவள் பாரமாகப் பார்க்கவில்லை, வரவாகவே பார்க்கிறாள். இது போட்டியில் ஜெயிக்க வந்த வாய்த்துடுக்கா, மனத்திலிருந்து வந்த பெருமையா? இரண்டுக்கும் கதையில் இடம் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சான்று காட்டுங்கள். இரண்டும் கலந்திருக்கிறது என்று எழுதினாலும் தப்பில்லை; குழந்தைகள் அப்படித்தான்.

நாம் உருவாக்கும் உருவகம்: மெழுகுவர்த்தி எங்கே தோற்கிறது?

இப்போது என் மாணவியின் தராசுக்கு வருவோம்.

மெழுகுவர்த்தி யோசிக்காது. ஏற்றினால் எரியும். உருகுவது அதன் இயல்பு. அதில் அதற்குத் தேர்வு எதுவும் இல்லை. தாயம்மாள் அப்படியா? தீபாவளிக்கு அந்த வீட்டுக்கு வந்த துணிகளில் பிள்ளைகளுக்கு உண்டு, அப்பாவுக்கு ஒரு துண்டு உண்டு, அவளுக்கு ஒன்றும் இல்லை. அதைப் பற்றி அவள் முணுமுணுக்கவில்லை. இது வரைக்கும் மெழுகுவர்த்தி சரியாகத்தான் பொருந்துகிறது.

ஆனால் குளித்து முடித்து ராஜா நிற்கிற நேரத்தில் அவள் தடுமாறுகிறாள். அவனுக்கு உடுத்த என்ன இருக்கிறது? இருப்பது அந்தத் துண்டு ஒன்றுதான். அது அவளுடையதுகூட இல்லை, கணவருடையது. தன் பொருளைக் கொடுப்பது ஒன்று. வீட்டுக்காரருக்கென்று வைத்ததை எடுத்துக் கொடுப்பது வேறு. ஒரு தட்டில் சொந்தக் குடும்பம். மறு தட்டில் யார் பெற்ற பிள்ளையோ. அந்தக் கண நேரத்தில் முள் இரண்டு பக்கமும் ஆடுகிறது. துண்டைக் கொடுக்கலாமே என்று அம்மாவிடம் சொல்வது மங்கம்மாள். அதற்குப் பிறகுதான் தட்டு ஒரு பக்கம் சாய்கிறது.

மெழுகுவர்த்தி என்று எழுதினால் இந்தத் தயக்கம் முழுக்கக் காணாமல் போகிறது. தயக்கம் போனால் கொடுத்ததன் விலையும் போய்விடும். எளிதாகக் கொடுக்க முடிந்தவர் கொடுத்ததில் கதை ஏது? கஷ்டப்பட்டு, கணக்குப் பார்த்து, அதற்குப் பிறகும் கொடுத்தாள் என்பதில்தான் தாயம்மாள் பெரியவளாகிறாள். நான் 'பொருந்தவில்லை' என்று வட்டமிட்ட சொல், நான் எழுதிக் கொடுத்த குறிப்பைவிடக் கதைக்கு நெருக்கமாக இருந்தது.

சரி, தராசு முழுக்கப் பொருந்துகிறதா? இல்லை. தராசு அழாது, தாயம்மாள் கண் கலங்குகிறாள். தராசு எதை நிறுத்தாலும் அதற்கு நஷ்டமில்லை. இவளுக்கு நஷ்டம் உண்டு. தராசுக்கு யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதில்லை. இவளுக்குப் பெற்ற மகளே வழிகாட்டுகிறாள். ஆக, உருவகம் பொருந்தாத இடங்களிலிருந்து மூன்று புதிய கருத்துகள் கிடைத்துவிட்டன: அவளுடைய இரக்கம், அவளுடைய இழப்பு, குழந்தையின் சொல்லைக் காதில் வாங்கும் குணம். உருவகம் உடையும் இடத்தை மறைக்காதீர்கள். அங்கேதான் அந்த மனுஷி நமக்குத் தெரிகிறாள்.

கதைமாந்தர் சொல்லும் ஒப்பீடு: நெருப்பா, தண்ணீரா?

மூன்றாவது வகைக்கு ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்'. இது 1966-இல் ஆனந்த விகடனில் வந்து பெரிய விவாதத்தைக் கிளப்பிய கதை. மேல்நிலை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான எடுத்துக்காட்டு இது.

மழை நாளில் ஒரு கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். விஷயம் தெரிந்ததும் விதவைத் தாய் முதலில் அவளை அடிக்கிறாள். பிறகு அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் மறைத்து, மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தெருவில் நடக்கும்போது அசுத்தத்தை மிதித்துவிட்டால் காலைக் கழுவிக்கொள்கிறோமே, அது மாதிரி என்று ஆறுதல் சொல்கிறாள்.

இலக்கணப்படி இது உவமைதான். ஆனால் அந்தத் தாயை அறிய இதைவிட நல்ல சாவி இல்லை. அவள் பெரிய வாதம் எதுவும் செய்யவில்லை. தினமும் வாசலில் கால் கழுவும் பழக்கத்திலிருந்து ஒரு நியாயத்தை எடுக்கிறாள். ஆசாரம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள் ஆசாரத்தின் சொற்களை வைத்தே மகளைக் காப்பாற்றுகிறாள். அழுக்கு பட்டது காலில்தான், ஆளிடம் இல்லை என்பது அவள் தீர்ப்பு.

இதோடு தலைப்பைச் சேர்த்துப் பாருங்கள். தலைப்பில் நெருப்பு, கதையில் தண்ணீர். ராமாயணத்தில் சீதை நெருப்பில் இறங்குவது ஊர் முன்னால், நிரூபிப்பதற்காக. இங்கே நிரூபணமும் கிடையாது, கூட்டமும் கிடையாது. தாய் சோதிக்கவில்லை, கழுவிவிடுகிறாள். ஆசிரியர் வைத்த உருவகமும் கதைமாந்தர் சொல்லும் ஒப்பீடும் ஒன்றோடொன்று மோதும்போது கதையின் கேள்வி எழுகிறது: ஒரு பெண்ணின் தூய்மையைச் சொல்ல வேண்டியவர் யார்?

இங்கும் உடையும் இடத்தைத் தேடுங்கள். 'தாய் தண்ணீர்' என்று எழுதினால், அவள் முதலில் அடித்ததை எங்கே வைப்பது? அதை விட்டுவிட்டு எழுதும் விடை பாதி விடைதான். இன்னும் ஒன்று. தப்பு செய்தவன் வேறொருவன்; கழுவிக்கொள்ள வேண்டியவள் மகள் என்றாகிறதே, அது நியாயமா? இன்றைய மாணவிகள் இதைக் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு வகுப்பில் நேரம் ஒதுக்குங்கள். அதே சமயம் இது யாருடைய சொந்த அனுபவத்தையும் தொடக்கூடிய கதை. பெயர் சொல்லி எழுப்பிக் கருத்துக் கேட்க வேண்டாம்.

மாணவர்களுக்கு: ஐந்து படிகள்

1. பண்பைத் தேடாதீர்கள்; செயலைத் தேடுங்கள். அந்த மாந்தர் என்ன செய்கிறார், எதைத் தொடுகிறார், எங்கே பேசாமல் இருக்கிறார் என்று ஐந்து வினைச்சொற்களை எழுதுங்கள்.

2. அந்த வினைகளைச் செய்யும் ஒரு பொருளை நினையுங்கள். வீட்டில், கடையில், சாலையில் நீங்கள் பார்த்த பொருளாக இருக்கட்டும்.

3. பொருந்துவதற்குக் கதையிலிருந்து இரண்டு சான்றுகளை எடுங்கள்.

4. பெயரை மாற்றிப் பாருங்கள். 'தாயம்மாள்' இருக்கும் இடத்தில் வேறொரு கதையின் தாயைப் போட்டாலும் வாக்கியம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் அது தாயம்மாளைப் பற்றிய வாக்கியமே இல்லை. அடித்துவிடுங்கள்.

5. எங்கே பொருந்தவில்லை என்று ஒரு வாக்கியமாவது எழுதுங்கள்.

ஒரு மாதிரிப் பத்தி:

'தாயம்மாள் ஒரு தராசு. அனாதையான ராஜாவுக்கு உடுத்தத் துணி இல்லாதபோது, கணவருக்கென்று வைத்த துண்டைக் கொடுப்பதா என்று அவள் மனம் இரு பக்கமும் ஆடுகிறது. சொந்தக் குடும்பத்தின் தேவையையும் அயலான் பிள்ளையின் தேவையையும் அவள் எடைபோடுகிறாள். ஆயினும் தராசைப் போல அவள் உணர்ச்சியற்றவள் அல்லள். மகள் சொன்னதும் மனம் கரைந்து துண்டைக் கொடுத்துவிடுகிறாள். வறுமையை உணர்ந்தே ஈகிறாள் என்பதால் அவளுடைய இரக்கம் நம்மை அதிகம் தொடுகிறது.'

கவனியுங்கள்: உருவகம் முதல் வாக்கியத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் கதை. உருவகத்தையே பத்தி முழுக்க நீட்டிக்கொண்டு போனால் விடை கவிதை மாதிரி ஆகிவிடும். சான்று காணாமல் போகும். எல்லாக் கேள்விக்கும் இதைப் பயன்படுத்தவும் வேண்டாம். 'பண்புநலன்களைப் பட்டியலிடுக' என்றால் பட்டியலிடுங்கள். 'விளக்குக', 'ஆராய்க', 'மதிப்பிடுக' என்று வரும்போது இந்த முறை கைகொடுக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். பல பள்ளிகளில் தமிழ் வகுப்பே பள்ளி நேரம் முடிந்த பிறகுதான். குறிப்பு கொடுத்தால்தான் பாடம் முடியும். குறிப்பு கொடுங்கள். ஆனால் உருவகத்தை மட்டும் குறிப்பில் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த இடத்தைக் கோடு போட்டுக் காலியாக விடுங்கள். தாயம்மாள் ஒரு ________. ஏனென்றால் ________. ஆனால் ________. பத்து நிமிடம் போதும். திருத்தும்போது 'என் குறிப்பில் இருக்கிறதா?' என்று பார்க்காமல் 'கதையில் இருக்கிறதா?' என்று பாருங்கள். நான் அன்று அதைத்தான் செய்யத் தவறினேன்.

அடுத்த வகுப்பில் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, வட்டத்தை அடித்துப் புள்ளியைக் கூட்டிக் கொடுத்தேன். ஏன் மாற்றினேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். 'அப்படின்னா மெழுகுவர்த்தி தப்பா டீச்சர்?' என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். 'தப்பில்லை, பாதிதான்' என்றேன். மாணவி ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த தாள்களில் மெழுகுவர்த்தி குறைந்தது. சில உருவகங்கள் கோணல்மாணலாக இருந்தன. ஆனால் அவை பிள்ளைகள் கதையைப் படித்து எழுதியவை.

பயிற்சி

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைப் படியுங்கள். மற்றக் குழந்தைகளுக்கு டைரி கிடைக்கிறது, சாரங்கனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவனே ஒரு டைரியைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். அ) அந்த டைரி சாரங்கனுக்கு என்ன? கதைசொல்லிக்கு என்ன? ஆ) கதைசொல்லியை ஒரு பொருளாக உருவகித்து ஒரு பத்தி எழுதுக. இ) உங்கள் உருவகம் எங்கே பொருந்தாமல் போகிறது? அந்த இடத்தில் அவரைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள்?

எழுதிப் பார்த்து வகுப்பில் பகிர்ந்துகொள்ளுங்கள்.